அலறலும் அழைப்பும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் ஆட்சியும்

(கே.கே. நகரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஆங்கிலத்தில் 'ஸ்கிரீம்' என்றொரு வினைச்சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சொல். அகராதியைப் புரட்ட வேண்டாத சொல். ஆயினும் ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்க அமர்பவர், அரிய கலைச்சொற்களையெல்லாம் எப்படியோ கடந்து வந்துவிட்டு, இந்த எளிய சொல் எதிர்ப்படும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். கதையில் வரும் பெண் அலறினாளா, கதறினாளா, கத்தினாளா, கூச்சலிட்டாளா, வீறிட்டாளா, ஓலமிட்டாளா? ஆறு சொற்களும் அகராதிப்படி பொருந்துவனவே. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெண்ணைக் கண்முன் நிறுத்துகிறது. அலறியவள் எதையோ கண்டு அஞ்சியவள். கதறியவள் எதையோ இழந்தவள். கூச்சலிட்டவள்பால் கதாசிரியருக்கு அத்துணைப் பரிவில்லை. ஓலமிட்டவளோ யாரையோ துணைக்கு வேண்டி நிற்பவள். ஆங்கிலம் ஒரு சொல்லால் கடந்து செல்லும் இடத்தில் தமிழ் ஆறு வினாக்களை எழுப்புகிறது. இது தமிழின் சொல்வளம் என்று மகிழ்ந்து அமைவதற்கு மட்டும் உரிய செய்தியன்று. அவ்வினாக்கள் யாவை, அவற்றுக்கு விடை காணாமல் மொழிபெயர்த்தால் என்ன நேரும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் இயல்பைக் காண்போம். உரக்க ஒலி எழுப்புதலைக் குறிக்க அம்மொழியில் ஷவுட், யெல், ஷ்ரீக், பால், ஸ்கிரீம், க்ரை எனப் பல வினைகள் உள்ளன. அவற்றுள் ஷவுட் என்பது தடித்த குரல். சொற்கள் தெளிவாகக் கேட்கும். ஷ்ரீக் என்பது மெல்லியதாய், காதைக் கிழிப்பதாய், சட்டென முடிவது. ஸ்கிரீம் என்பது அதனினும் நீண்டது, பெரும்பாலும் சொல்லற்றது. இவ்வேறுபாடுகள் பெரிதும் ஓசையின் உயரம், நீளம், தெளிவு ஆகியவற்றைப் பற்றியவை. எதற்காக எழுந்த ஓசை என்பதில் ஸ்கிரீம் என்னும் சொல் கருத்துச் செலுத்துவதில்லை. பாம்பைக் கண்டவரும் அதைச் செய்கிறார். அறுவை மேசையில் வலி பொறாதவரும் அதைச் செய்கிறார். தமக்குப் பிடித்த பாடகர் மேடையில் தோன்றியதும் இளைஞர்களும் அதையே செய்கின்றனர். சிரிப்புத் தாளாமல் ஸ்கிரீம் செய்வதும் ஆங்கிலத்தில் உண்டு. நாளிதழின் கொட்டை எழுத்துத் தலைப்பும், கண்ணை உறுத்தும் வண்ணமும் கூட அங்கே ஸ்கிரீம் செய்யும்.

தமிழில் மகிழ்ச்சியால் அலறுவார் எவருமிலர். சேப்பாக்கத்தில் ஆறு ஓட்டங்களுக்குப் பந்து பறந்தால் கூட்டம் ஆரவாரிக்கும், ஆர்ப்பரிக்கும், அலறாது. 'ஒலிபெருக்கி அலறியது' என்று எழுதும் வழக்கு உண்டே எனலாம். உண்டு. ஆடி மாதத்துத் தெருமுனை ஒலிபெருக்கியின் அருகில் குடியிருப்பவர்கள், அவ்வழக்கில் அச்சம் என்னும் பொருள் அறவே நீங்கிவிட்டது என்று ஒப்பமாட்டார்கள்.

தமிழின் பாகுபாடு எத்தகையது என்பதை அறியப் பெரிய நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. தொடக்கப் பள்ளி இலக்கணப் பாடத்தில் 'ஒலி மரபு' என்றொரு பட்டியல் இருக்கும். குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவரும் பட்டியல் அது. அதில் இரண்டு வரிகள் இங்கு நோக்கத்தக்கன. ஆந்தை அலறும், பசு கதறும். இரண்டும் உரத்த ஒலிகளே. அளவுகோல் ஓசையாயின் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆந்தையின் ஒலி இருளில் எழுகிறது. யாரை நோக்கியது என்று கேட்பவருக்கு விளங்குவதில்லை. கேட்டவர் நெஞ்சு திடுக்கிடுகிறது, அவ்வளவே. பசுவின் ஒலிக்கோ ஓர் இலக்கு உண்டு. கன்று பிரிந்தபோது அது எழுகிறது. கன்று வந்ததும் நின்றுவிடுகிறது. மாந்தர்க்கு இவ்விரு சொற்களையும் ஆளும்போதும் இதே வேறுபாடு உடன் வருவதைக் காணலாம். விபத்தைக் கண்டவர் அலறுகிறார். விபத்தில் இறந்தவரின் மனைவி கதறுகிறாள். இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதினால் இலக்கணப் பிழை நேராது. ஆயினும் தமிழறிந்த எவருக்கும் காதில் இடறும்.

ஆங்கில வினை குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அளக்கிறது. தமிழ் வினை, அக்குரல் யாரை நாடியது என்று வினவுகிறது. எல்லாத் தமிழ் வினைகளும் இவ்வாறே என்று அறுதியிட முடியாது. 'கத்துதல்' என்பது ஏறத்தாழ ஆங்கிலச் சொல்லைப் போன்றே பொதுப்பட நிற்கிறது. ஆனால் அந்தப் பொதுச்சொல்லில் மட்டும் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்க. 'கத்தாதே' என்று அடக்கலாம். 'கதறாதே' என்று யாரும் அதட்டுவதில்லை. நாடிச் செல்லும் இலக்கு இல்லாத குரலைத் தமிழ் சற்றே தாழ்த்தி வைத்திருக்கிறது போலும்.

இது வெறும் சொற்பொருள் அளவில் நிற்பதன்று, இலக்கணத்திலேயே இடம்பெற்றது. எட்டாம் வேற்றுமையாகிய விளிக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என ஓர் இயலையே வகுத்தார். ஒரு பெயர் அழைப்பாக மாறுங்கால் அதன் ஈறு எவ்வெவ்வாறு திரியும், எவ்வாறு நீளும் என்பதை அவ்வியல் விரிக்கிறது. தொலைவில் உள்ளாரை விளிக்கும்போது பெயர்கள் தமக்குரிய மாத்திரை அளவைக் கடந்து ஒலிக்கும் என்றும் அங்கு விதி உண்டு. தொலைவு கூடினால் குரல் உயரும் என்று இயற்பியல் நூலும் சொல்லும். ஆனால் அவ்வுயர்வைக் கேட்பவர் நிற்கும் இடத்தோடு பிணைத்து இலக்கண விதியாக்கியமை எண்ணி மகிழத்தக்கது. பவணந்தியார் நன்னூலில் மேலும் ஓரடி சென்றார். உயிரும் மெய்யும் அளவிறந்து ஒலிக்கும் இடங்கள் யாவை என்று கூறுமிடத்து இசை, விளி என்னும் இரண்டோடு பண்டமாற்றையும் சேர்த்தார். பண்டமாற்றாவது தெருவில் பொருளைக் கூவி விற்றல்.

பவணந்தியாரின் விதிக்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டுமாயின் இந்தக் கே.கே. நகரை விடப் பொருத்தமான இடம் அரிது. வீட்டு வசதி வாரியம் வகுத்த செக்டர்களும், மாடிக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி இது. முனுசாமி சாலையிலிருந்து உட்தெருவில் திரும்பும் கீரை விற்கும் அம்மாள், மூன்றாம் மாடியில் அடுப்படியில் நிற்பவரின் காதை எட்ட வேண்டும். 'கீரை' என்னும் சொல்லின் ஐகாரம் அவர் வாயில் ஏகாரமாகி, நான்கு ஐந்து மாத்திரைக்கு நீண்டு, தெருக்கோடி வரை செல்கிறது. உப்பும் கோலமாவும் அப்படியே. இலக்கணம் கல்லாத அந்த அம்மாள் நன்னூல் விதியை நாள்தோறும் காத்து வருகிறார். அண்மைக் காலமாகத் தள்ளுவண்டிகளிலும் மிதிவண்டிகளிலும் சிறு ஒலிபெருக்கி ஒன்று கட்டப்பட்டு, பதிவு செய்த குரல் ஓயாது சுழல்கிறது. வண்டிக்காரர் வாய் மூடி நிற்கிறார். ஒரே அளவில், ஒரே நீளத்தில், ஆள் இருக்கும் தெருவிலும் இல்லாத தெருவிலும் குரல் ஒலிக்கிறது. இதனைக் கூவுதல் என்பதா என்று சொல்லாராய்ச்சியாளர் தயங்க இடமுண்டு. அம்மாள் தெரிந்த முகத்தை மாடியில் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பதிவுக் கருவி தாழ்த்தாது.

அளவீட்டிலும் இதே மனப்பாங்கு உண்டு. 'கூப்பிடு தூரம்' என்னும் வழக்கு மைல்கல்லுக்கு முற்பட்டது. ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவே அது. கூப்பிடுபவர் மட்டும் இருந்தால் தூரம் தோன்றாது, கேட்பவரும் வேண்டும்.

இனி, துன்பம் நேர்ந்த கணத்தில் தமிழர் வாயில் எழும் சொல் எது என்று நோக்குக. கதவிடுக்கில் விரல் நசுங்கியவர் 'அம்மா' என்கிறார். அஃது ஒரு விளி. தீ பிடித்ததைக் கண்டவர் 'ஐயோ' என்கிறார். அதனையும் 'ஐய' என்னும் முறைப்பெயர் ஓகாரம் பெற்ற விளி எனக் கொள்வாருண்டு. 'அப்பா', 'ஆத்தா', 'முருகா' எல்லாம் விளிகளே. தாய் இறந்து முப்பது ஆண்டு கழிந்த முதியவரும் வலியில் 'அம்மா' என்றே அழைக்கிறார். ஆங்கிலேயர் வலியில் எழுப்பும் 'அவுச்', 'ஆ' முதலியன எவரையும் அழைப்பன அல்ல. எனவே 'அம்மா என்று அலறினான்' என்னும் தமிழ்த் தொடரை ஆங்கிலத்தில் ஸ்கிரீம் என்ற ஒரு சொல்லால் முடிப்பவர், ஓசையை மட்டும் கொண்டுசென்று அம்மாவை விட்டுவிடுகிறார்.

இவ்வகைச் சொற்களுள் மிக நுண்ணியது 'ஓலம்'. கடலின் ஒலியும் ஓலமே. அடைக்கலம் வேண்டும் குரலும் ஓலமே. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் கசேந்திர வரதர் சந்நிதியைக் கண்டோர், அங்குப் பெருமாள் கருடன்மேல் விளங்குவதை அறிவர். முதலை வாய்ப்பட்ட யானையின் கதை அனைவரும் அறிந்தது. யானைக்குரிய வினை பிளிறுதல். ஆனால் அக்கதையைச் சொல்லும் தமிழ்க் கதையாளர் எவரும், யானை 'ஆதிமூலமே' என்று பிளிறியது எனச் சொல்லார், ஓலமிட்டது என்பார். விலங்கு அதே விலங்கு, தொண்டை அதே தொண்டை, ஓசையும் அதே ஓசையாக இருந்திருக்கலாம். கேட்பவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கை புகுந்தவுடன் வினைச்சொல் மாறிவிடுகிறது.

இதனோடு ஓர் ஐரோப்பிய ஓவியத்தையும் வைத்து நோக்கலாம். நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மங்க் 1893இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தை ஆங்கிலத்தார் ஸ்கிரீம் என்னும் இதே சொல்லால் அழைக்கின்றனர். தமிழ் இதழ்களில் 'அலறல்' என்று பெயர் வழங்குகிறது. சிவந்த வானம், வளைந்தோடும் நீர்ப்பரப்பு, பாலத்தின்மீது வாய் திறந்து கன்னத்தில் கைவைத்த உருவம். அவ்வுருவமே அலறுகிறது என்றுதான் பார்ப்போர் பெரும்பாலும் எண்ணுகின்றனர். ஓவியரின் குறிப்போ வேறு செய்தி சொல்கிறது. அந்தி வேளையில் நண்பர் இருவரோடு நடந்தபோது, வானம் குருதிச் செந்நிறமாக, இயற்கையினூடே எல்லையற்ற பெருங்குரல் ஒன்று ஊடுருவிச் செல்வதைத் தாம் உணர்ந்ததாக அவர் எழுதிவைத்தார். ஆகவே அவ்வுருவத்தின் கைகள் காதுகளின் மேல் இருப்பதாகக் கொள்வதே பொருத்தம். அது குரலைக் கேட்டுத் தாளாமல் நிற்கும் உருவம். 'அலறல்' என்று தமிழாக்கியவுடன் குரல் அவ்வுருவத்தின் வாய்க்குள் போய்விடுகிறது. கடலுக்கும் வானுக்கும் பொருந்துவது ஓலம். 'பேரோலம்' என்று பெயரிட்டிருப்பின் ஓவியத்தின் முன் நிற்கும் தமிழர், குரல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணமாவது தேடியிருப்பர். அச்சொல்லில் உள்ள அடைக்கலப் பொருள் மங்கின் நோக்கத்தில் இருந்ததா என்பது விவாதத்துக்கு உரியதே. எனினும் பழைய பெயரைவிட இது நெருக்கமானது.

ஆங்கிலம் எப்பொழுதும் கேட்பவரை மறந்தே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. 'க்ரை' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. இன்று அது அழுவதையும் உரக்கக் கூவுவதையும் குறிக்கிறது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல்லின் மூலம் இலத்தீனத்துக் 'குவிரித்தாரே'. உரோமானியக் குடிமக்களுக்குக் 'குவிரித்தேஸ்' என்று பெயர். அக்குடிமக்களை உதவிக்கு அழைத்தலே இவ்வினையின் முதற்பொருள் என்று உரோமானிய அறிஞர் வாரோ விளக்கினார். பிற்கால மொழிநூலார் சிலர் இவ்விளக்கத்தை ஐயுறுகின்றனர். ஆயினும் ஓலத்துக்கு நேரான பொருளைப் பண்டை உரோமானியர் தம் சொல்லில் கேட்டனர் என்பது தெளிவு. இங்கிலாந்தின் பழஞ்சட்டத்திலும் 'ஹியூ அண்ட் க்ரை' என்றொரு முறை இருந்தது. 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் அதனை உறுதி செய்தது. கொள்ளையைக் கண்டவர் குரலெழுப்ப வேண்டும். குரலைக் கேட்ட ஊரார் அனைவரும் தொழிலைப் போட்டுவிட்டுக் கள்வனைத் துரத்த வேண்டும். தவறினால் அவ்வட்டாரமே பொறுப்பேற்க வேண்டும். கேட்டவர்மேல் கடமை விழுந்தது. அச்சட்டமுறை மறைந்தது, அத்தொடர் மட்டும் நீதிமன்ற ஆங்கிலத்தோடு சென்னைக்குக் கப்பலேறி வந்தது. இன்றும் இந்நாட்டு ஆங்கில நாளிதழ்களில் எதற்கெடுத்தாலும் யாரேனும் 'ஹியூ அண்ட் க்ரை' எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். துரத்த வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இவ்விடத்தில் காட்டிய கூர்மை பாராட்டத்தக்கது. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலை மத்தேயு நற்செய்தி கூறுமிடத்து, சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அலறுதலையும் கதறுதலையும் விட்டு, கூப்பிடுதல் என்னும் வினையை ஆண்டது. சந்தைக்குப் போகும் வழியில் அண்டை வீட்டாரைக் கூப்பிடும் அதே எளிய சொல். இறைவனை நோக்கிய குரல் ஆதலின் அதுவே பொருந்தும். வனாந்தரத்தில் குரலெழுப்பும் யோவானுக்கும் அம்மொழிபெயர்ப்பு இதே வினையைத் தந்தது. ஆங்கிலத்தில் 'வனாந்தரத்துக் குரல்' என்பது கேட்பாரற்ற குரல் என்று மரபுத்தொடராகத் தேய்ந்துவிட்டது. தமிழில் கூப்பிடுதல் என்றவுடன், கூப்பிடப்பட்டவர் எங்கோ இருக்கிறார் என்பது சொல்லிலேயே நிற்கிறது.

இவ்வளவும் ஏட்டாராய்ச்சி, பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டாயின், அவர்கள் நீதிமன்றத்தின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மராட்டிய மாநிலத்துச் சந்திரபூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்சு காவல் நிலையத்தினுள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலர் இருவரால் கொடுமைக்கு ஆளானாள் என்பது வழக்கு. மதுரா வழக்கு என்று நாடறிந்தது. 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. 1976இல் உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்பதோடு, அவள் உரக்கக் குரலெழுப்பியதாகக் கூறியதும் நம்பத்தக்கதன்று என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கூவினாளா, கூவவில்லையா என்னும் ஒரு வினைச்சொல்லின் மேல் அவள் இசைவும் இசைவின்மையும் நிறுக்கப்பட்டன. 1979இல் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பணிந்துபோதல் வேறு, இசைதல் வேறு என்பது அம்மடலின் உயிர்நாடி. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழ, 1983இல் சட்டம் திருத்தப்பெற்றது. காவலில் நேர்ந்த இத்தகைய வழக்கில், தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் கூறினால் அதனையே நீதிமன்றம் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்றாயிற்று. உடலால் எதிர்க்காமை ஒன்றைக் கொண்டே இசைவு எனக் கொள்ளலாகாது என்பது 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவுற எழுதப்பட்டது.

அவ்வழக்கை இவ்வுரையின் நோக்கில் அணுகினால் வினா ஒன்றே எஞ்சுகிறது. குரல் எழுந்ததா என்று கேட்ட மன்றம், அக்குரல் யாரை நோக்கி எழக்கூடும் என்று கேட்டதா? ஊரில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் ஓலமிட்டு ஓடிச் சேரும் இடம் காவல் நிலையம். அங்கேயே தீங்கு நேர்ந்தால், இரவில், கதவு அடைத்த நிலையில், ஓலத்தைக் கேட்க வேண்டியவர்களே எதிரில் நிற்கும்போது, யாரை விளிப்பது? அச்சத்தில் குரலே எழாமற் போவதும் உண்டு என்பதைத் தமிழ்ச் சொற்களே அறியும். 'வாயடைத்துப் போனாள்' என்றும், 'நா எழவில்லை' என்றும் எத்தனை காலமாக வழங்கி வருகின்றன!

தமிழகத்து நீதிமன்றங்களிலும் சாட்சியின் சொல் மொழி மாறிச் செல்லும் வழியில் இத்தகைய இடர்கள் உண்டு. கூண்டில் நிற்பவர் தமிழில் உரைக்கிறார். மேல்முறையீடு உயர் நீதிமன்றம் செல்லுங்கால் அவர் சொல் ஆங்கிலமாகிறது. 'சத்தம் போட்டேன்' என்று ஒரு பெண் சொல்லியிருந்தால் அஃது உதவிக்குக் கூப்பிட்டதா, அஞ்சி அலறியதா, எதிரியை அதட்டியதா? 'அப்பா சத்தம் போட்டார்' என்றால் திட்டினார் என்று பொருள்படும் ஊர் இது. 'ஷவுட்' என்று எழுதி அடுத்த வரிக்குச் செல்லும் மொழிபெயர்ப்பாளர், மூன்றையும் ஒன்றாக்கி விடுகிறார். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் பற்றி இழுப்பது அந்த ஒன்றாக்கப்பட்ட சொல்லைத்தான்.

செய்தித்தாள்களின் ஆட்சியைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. சட்டமன்றத்தில் தம் கட்சி உறுப்பினர் குரலை உயர்த்தினால் அது முழக்கம். மாற்றுக் கட்சியினர் உயர்த்தினால் கூச்சல், குழப்பம். ஒலிமானி கொண்டு அளந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். தொடர்கதைகளிலோ 'வீல்' என்ற ஓரசை பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. வாரந்தோறும் யாரேனும் ஒருத்தி கதவைத் திறந்து வீல் என்பாள். 'தொடரும்' என்று அச்சாகும். அடுத்த வாரம் பார்த்தால் பெரும்பாலும் பூனை.

ஒரு மொழிக்குள்ளேயே இச்சொற்கள் இடத்துக்கிடம் பொருள் மாறுவது மேலும் கவலைக்குரியது. ஈழத்துக் கதைகளில் 'குழறுதல்' என்னும் வினை அடிக்கடி வரும். தாய் குழறினாள், குழறி அழுதாள் என்று வரும். தமிழகத்து வாசகருக்கு அச்சொல் நாக்குத் தடுமாறுதல், உளறுதல் என்றே படுகிறது. எனவே துயரத்தின் உச்சத்தில் நிற்கும் ஒரு தாயை, சொல் தெளிவின்றிப் பிதற்றும் கிழவியாகக் கண்டு அவர் கடந்துபோகிறார். யாழ்ப்பாணத்து வழக்கில் குழறுதல் என்பது வாய்விட்டுக் கதறி அழுதல். ஒலி மரபுப் பட்டியலில் கூகை குழறும் என்று படித்ததை நினைவுகூர்ந்தால், உரத்த ஒலி என்னும் பழம்பொருள் ஈழத்தில் காக்கப்பட்டு, இங்கே தொலைந்தது என்பது புலனாகும். 2009க்குப் பிறகு அம்மண்ணிலிருந்து வந்த கதைகளிலும் நினைவுக்குறிப்புகளிலும் அச்சொல்லைக் காணும் சென்னை வாசகர், உச்சரிப்புத் தடுமாற்றம் என்று அதனைப் படிப்பாராயின், கேளாச் செவி என்பதற்கு அதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இங்கே மொழிபெயர்ப்பாளர் எவருமிலர்; தமிழிலிருந்து தமிழுக்கு வரும் வழியிலேயே குரல் அமுங்கிவிடுகிறது.

இறுதியாக அகராதிகள். வேப்பேரியில் 1779இல் பப்ரீசியசின் தமிழ்–ஆங்கில அகராதி அச்சேறியது முதல், 1862இல் வின்சுலோ, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, பேராசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளிவந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி என, இந்நகரம் அகராதிகளின் நகரமாகவே விளங்கி வந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளியிட்டு வரிசையாக அடுக்குவது அகராதிகளின் பொதுவழக்கம். பொருட்பெயர்களுக்கு அது போதும். குரல் பற்றிய வினைகளுக்குப் போதாது. காற்புள்ளிக்கு இருபுறமும் நிற்பவை ஒன்றுக்கொன்று ஈடு என்று இளம் மொழிபெயர்ப்பாளர் எண்ணிவிடுகிறார். அலறு, கதறு, ஓலமிடு என்பன ஒரே சட்டையின் மூன்று அளவுகள் போலத் தோன்றுகின்றன.

இனி வரும் ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றில் ஸ்கிரீம் என்னும் பதிவு இவ்வாறு அமையலாம். கண்டு அஞ்சியது எனின் அலறு. இழந்து ஆற்றாமை எனின் கதறு. துணைவேண்டி எனின் ஓலமிடு, கூக்குரலிடு. சிறு குழந்தை எனின் வீறிடு. களிப்பு எனின் ஆரவாரி, கூத்தாடு என்று சூழலுக்கேற்ப. சினம் எனின் கத்து, கூச்சலிடு. பொருளும் எந்திரமும் எனின் ஓசைக்கேற்ற வேறு சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் தொடர் எடுத்துக்காட்டாக வேண்டும். அத்தொடரில் குரலெழுப்பியவரோடு, கேட்டவரும் இடம்பெறுதல் வேண்டும். ஈழ வழக்கிலிருந்து குழறு என்பதும் உரிய குறிப்போடு சேரட்டும். ஒரு பதிவுக்கு இவ்வளவு இடமா என்று அச்சகத்தார் கேட்கலாம். மராட்டிய வழக்கில் ஆறாண்டுகள் மூன்று நீதிமன்றங்கள் இதே வினைக்குச் செலவிட்ட தாள்களை எண்ணினால் அரைப் பக்கம் மிகையன்று.